மதியப் புகை

என் சித்தப்பாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். நான் மறுக்க மாட்டேன். குடித்ததில்லை, யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, ஒருவரைப் பார்த்துக் குரலை உயர்த்தியதில்லை. என் அம்மாவின் பெயர் கெட்டதும், கெட்டது கெட்டபடியே கிடப்பதும் அந்தத் தங்கத்தால்தான். இதை வாயால் சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஊரில் அவருக்குப் பெயர் புகைக்காரர். பீடி, சிகரெட் சமாச்சாரம் இல்லை. அவர் உத்தியோகமே புகை போடுவதுதான். ஆற்றின் மேல்பக்கம், நடந்தால் மூன்று மணி நேரத் தூரத்தில் அணை. அணைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மொட்டைக் குன்று. ஆற்றுக்குள் நின்றால் அணை தெரியாது, குன்று தெரியும். குன்றில் நின்றால் இரண்டும் தெரியும். அணையில் ஒரு சங்கு இருந்தது. அதன் சத்தம் குன்றில் முட்டிக்கொண்டு அங்கேயே படுத்துவிடும். டெலிபோன் கம்பி இழுத்தார்கள். பாதி மழைக்கு விழுந்தது, மீதியைத் திருடர்கள் சுருட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் அணை அலுவலகம் ஆதிமனிதன் வழிக்கே போய்ச் சேர்ந்தது. அணையில் என்ன புகை தெரிகிறதோ அதையே குன்றில் இருப்பவர் போட வேண்டும். அதைப் பார்த்து ஆற்றுக்குள் வேலை செய்கிறவர்கள் நடந்துகொள்ள வேண்டும். காலையில் ஒரு புகை என்றால் எல்லாம் சரி, இறங்கலாம். எந்த நேரமானாலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புகை என்றால் மதகு திறக்கிறது, கரையேறு.

சித்தப்பா அந்தக் குன்றில் இருபத்தொரு வருஷம் இருந்தார். தகரக் கூரை போட்ட ஒரு அறை, கயிற்றுக் கட்டில், தண்ணீர்ப் பானை, அலுவலகம் கொடுத்த பைனாகுலர், வெளியே குழிகள். குழியில் எப்போதும் கங்கு இருக்க வேண்டும். புகை வேண்டும்போது சுள்ளியைப் போட்டு எரியவிட்டு, அதன் மேல் நனைத்த வைக்கோலை அமுக்குவார். நெருப்பு வைக்க யாருக்கும் தெரியும். கலையாமல் நேராக ஏறுகிற புகை போடுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க எச்சில் தொட்ட விரலை நீட்டிக்கொண்டு நிற்பார். வீட்டு வாசலிலும் அப்படியே நிற்பார். சித்தி அவர் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பாள்.

என் அம்மா சித்தியின் அக்கா. அப்பா நான் பிறந்த வருஷம் வேலை தேடிப் போனவர். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அம்மாவும் சித்தியும் ஆற்றில் சரளை தோண்டிச் சலிக்கிற கூட்டத்தில் இருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். அம்மாதான் மேஸ்திரி. நாலு ஆண்பிள்ளைகள் இருக்கும்போது அவள் மேஸ்திரி ஆனதற்குக் காரணம் அவள் தொண்டை. கல் அரைக்கிற மெஷின் ஓடினாலும் அவள் கூப்பிட்டால் அக்கரைக்குக் கேட்கும். குன்றைப் பார்ப்பதும், இரண்டு புகை தெரிந்தால் அத்தனை பேரையும் கரையேற்றுவதும் மேஸ்திரியின் பொறுப்பு.

எனக்கு ஆறு வயதில் ஒரு நாள் நல்ல காய்ச்சல். சித்தி என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதால் ஆற்றுக்குப் போகவில்லை. கொளுத்துகிற கோடை, மதகு திறக்கிற பருவமே இல்லை. அணையில் ஒரு மதகு பழுதாகிச் சிக்கிக்கொள்ள, வேறு வழியில்லாமல் உச்சிப்பொழுதில் இன்னொன்றைத் திறந்துவிட்டார்கள். அணையில் இரண்டு புகை போட்டார்கள். குன்றில் சித்தப்பாவும் போட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் வந்தது. கரையேறப் பத்து நிமிஷம் போதும். ஆற்றில் இருந்த பதினொரு பேரில் ஒருவர்கூட ஏறவில்லை.

உடல்களை எடுக்க மூன்று நாள் ஆனது. அம்மா கடைசியாகக் கிடைத்தாள். சரளை தோண்டிய பள்ளத்தில் பாறை இடுக்கில் திறந்த சாப்பாட்டு டப்பாக்கள் நாலைந்து சிக்கியிருந்தன.

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் விசாரணை நடந்தது. இரண்டு புகை போட்டீர்களா என்று சித்தப்பாவைக் கேட்டார்கள். போட்டேன் என்றார். குன்றில் இரண்டு புகையைத் தெளிவாகப் பார்த்தேன் என்று அணைக் காவலாளியும் சொன்னார். அதிகாரிகள் குன்றேறிப் பார்த்தபோது மூன்று குழியில் சாம்பல் இருந்தது. இரண்டு போதாதென்று மூன்றாவதும் போட்டிருக்கிறாரே என்று பெரிய அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். எச்சரிக்கை முறையாகக் கொடுக்கப்பட்டது, மேஸ்திரி அதைப் பொருட்படுத்தாமல் ஆட்களைச் சாப்பிட உட்காரவைத்தார் என்று எழுதி முடித்தார்கள்.

அதிகாரி எழுதியது ஒரு வரி. ஊர் அதற்குக் கண், மூக்கு வைத்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம், தண்ணீர் என்ன நம்மைத் தூக்கிக்கொண்டா போய்விடும் என்று அம்மா சொன்னாளாம். சொன்னவளும் செத்து, கேட்ட பத்துப் பேரும் செத்த பிறகு இதை வந்து சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் எங்கள் ஊரில் யாராவது மசமசவென்று நின்றால், என்ன, சாப்பிட்டுட்டுப் போலாம்னு உக்காந்துட்டியா என்பார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

நான் அந்தப் பேச்சுக்குள்ளேயே வளர்ந்தேன். குழாயடியில் என் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகரும். பத்து வீடுகள், பத்து வீட்டிலும் சாவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நானும் ஒரு சாவு வீட்டுப் பிள்ளைதான் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவே இல்லை. நாலாம் வகுப்பில் ஒருத்தி என்னைச் சோத்துக்குச் செத்தவ பொண்ணு என்றாள். அவள் கையைக் கடித்துவிட்டேன், ரத்தம் வர. சித்தப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அம்மா அப்படிச் சொன்னாளா என்று வழியில் கேட்டேன். இல்லை என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். முனை வந்த பிறகும் சீவிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் இருவரும் தங்களுக்கென்று ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. என் பங்கு குறைந்துவிடும் என்று நினைத்தார்களாம். ஊர் அதற்கும் அவரைக் கும்பிட்டது. புகைக்காரர் மாதிரி உண்டா, குடியைக் கெடுத்தவளின் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறாரே என்றார்கள். நல்லது கெட்டது இரண்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. நல்லது அவருக்கு, கெட்டது அம்மாவுக்கு.

எனக்கு இருபத்து நாலு வயதானபோது, லேத் பட்டறையில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். உலகத்தில் எத்தனையோ பட்டறை இருக்க, அவர் அந்தப் பத்து வீட்டில் ஒரு வீட்டுப் பிள்ளை. அவர் அப்பா மரம் அறுக்கிற மில் வைத்திருந்தார். அவருடைய மனைவி அன்றைக்கு ஆற்றில் போனவர். சித்தப்பாவும் சித்தியும் பேசப் போனார்கள். மில்காரர் மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அவ பெத்த பொண்ணு என் வீட்டு அடுப்பைப் பத்த வைக்கக் கூடாது."

அன்று மத்தியானம் சித்தி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்திருந்தேன். சித்தப்பா பின்வாசல் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அப்படியே, திரும்பாமல் பேசினார்.

"உங்கம்மா பார்த்தது ரெண்டு புகை இல்லம்மா. ஒண்ணுதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமான புதிதில், குன்றில் தனியாக இருக்கிற மனுஷன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று சித்திக்குக் கவலை. சாப்பிட்டதும் ஒரு கை பச்சைத்தழையைக் கங்கில் போடுங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம். அன்றிலிருந்து தினமும் உச்சிப்பொழுதில் குன்றிலிருந்து ஒற்றைப் புகை. ஆற்றுக்குள்ளிருந்து சித்தி சல்லடையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவாள். அவர் பைனாகுலரில் பார்த்துக்கொள்வார். கூட்டத்தில் அதற்கு ஏப்பம் என்று பெயர். உன் வீட்டுக்காரர் ஏப்பம் விட்டுட்டார்டி என்று அம்மா கத்துவாளாம், பன்னிரண்டு பேரும் சிரிப்பார்களாம். நாளாக ஆக அதுவே அவர்களுக்குச் சாப்பாட்டு மணி. ஏப்பம் தெரிந்தால் டப்பாவை எடுத்துக்கொண்டு, தோண்டிய பள்ளத்தில் கரை குடைவாக நிற்கிற இடத்து நிழலுக்குப் போவார்கள். அங்கே உட்கார்ந்தால் குன்று தெரியாது. அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் இதைப் பற்றி ஒருவரும் வீட்டில்கூட மூச்சு விட்டதில்லை. ஊருக்குள்ளிருந்து பார்த்தவர்கள் சமையல் புகை என்று நினைத்திருப்பார்கள்.

இதோடு போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஏப்பம் ஒற்றைப் புகை, எச்சரிக்கை இரட்டைப் புகை. ஆனால் அந்தக் கோடைக்குக் கொஞ்சம் முன்னால் சித்தப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. குழிகளுக்கு நடுவில் நாற்பதடி நடை இருக்க வேண்டும், இரண்டு புகையும் ஐந்து நிமிஷத்துக்குள் ஏற வேண்டும் என்பது விதி. காலை இழுத்துக்கொண்டு போனால் நேரம் பிந்திவிடும் என்று பயந்து, தூரக் குழியை விட்டுவிட்டுப் பன்னிரண்டடியில் புதுக்குழி தோண்டினார். அணைப் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஆறு வளைந்து போவதால், ஆற்றுக்குள்ளிருந்து பார்த்தால் ஒன்றின் பின்னால் இன்னொன்று மறைந்து ஒன்றாகத்தான் தெரியும். தினமும் காலையில் போட்டது ஒற்றைப் புகைதான் என்பதால், கீழிருந்து எப்படித் தெரியும் என்று சோதித்துப் பார்க்கிற வேளை வரவில்லை. வந்த முதல் வேளை அதுதான், அதுவும் உச்சிப்பொழுதில்.

"சித்தி வரலைங்கறதால உங்கம்மா சல்லடையைத் தூக்கினா. ஆட்டிக் காட்டினா. எனக்கு பைனாகுலர்ல அவ பல்லுகூடத் தெரிஞ்சுது. சிரிச்சா. அப்புறம் டப்பாவை எடுத்துக்கிட்டு எல்லாரும் நிழலுக்குப் போயிட்டாங்க."

அந்தக் கணமே அவருக்குப் புரிந்துவிட்டது. பழைய தூரக் குழிக்கு ஓடி அதையும் பற்றவைத்தார். பார்க்க ஆள் இல்லை. சட்டையைக் கழற்றி ஆட்டினார், கத்தினார், பிறகு அந்தக் காலோடு குன்றிலிருந்து இறங்கி ஓடினார். பாதி வழியில் ஆற்று வளைவில் நின்றபோது தண்ணீர் அவரைத் தாண்டிப் போயிற்று. அதிகாரி கை குலுக்கிய மூன்றாவது சாம்பல் அதுதான்.

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் கீரைத்தண்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"ஏப்பம் எனக்குத் தெரியும். மத்தது தெரியாது. கேட்டா சொல்லிடுவாரோன்னுதான் கேக்கல" என்றாள்.

நான் என்ன உணர்ந்தேன் என்பதை நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த முதுகில் ஓங்கி உதைக்க வேண்டும் போல இருந்தது. பதினெட்டு வருஷம் எனக்குத் தலை வாரிவிட்டிருக்கிறார், காய்ச்சலுக்குக் கண்விழித்திருக்கிறார், என் செருப்புக்கு ஆணி அடித்திருக்கிறார். அம்மா வாயில் ஊர் திணித்த அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துப்போட மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். விசாரணையில் சொல்லத்தான் போனாராம். அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று வந்தாராம். நான் தூக்கத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேனாம். அதற்கு மேல் அவர் சாக்குச் சொல்லவில்லை.

"பத்து வீடு இருக்கு. பத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்க" என்றேன்.

உடனே எழுந்து துவைத்த சட்டை போட்டுக்கொண்டார். அந்த வேகத்தைப் பார்த்தபோது, இத்தனை வருஷமும் யாராவது போ என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலத்தான் இருந்தது. நானும் சித்தியும் கூடப் போனோம்.

முதலில் மில்காரர். மரம் அறுக்கிற வாளை நிறுத்திவிட்டு, மரத்தூள் படிந்த பெஞ்சில் எங்களை உட்காரவைத்தார். சித்தப்பா ஒன்று விடாமல் சொன்னார், குழி, தழை, சல்லடை எல்லாம். சித்தி நிஜம்தான் என்றாள். மில்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. முடிந்ததும் எழுந்து வந்து சித்தப்பாவைக் கட்டிக்கொண்டார்.

"பெத்தவன்கூட இப்படிப் பண்ண மாட்டான்யா. ஒரு பொண்ணு வாழணும்னு பதினோரு உசிரோட பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிறீங்களே. நான் இதை நம்பினா மனுஷனே இல்ல."

பொய் இல்லை, நடந்தது என்றார் சித்தப்பா. மில்காரர் அவர் வாயைப் பொத்தினார். நான் சத்தியம் என்றேன். அம்மாவுக்காக மகள் பேசாமல் வேறு யார் பேசுவார்கள் என்று என்னையும் மன்னித்துவிட்டார். கல்யாணத்துக்கும் சம்மதித்தார். இப்படி ஒரு மனுஷர் வளர்த்த பெண் எங்கள் வீட்டுக்கு வருவது எங்கள் பாக்கியம் என்றார். ஒன்றே ஒன்று, பத்திரிகையில் பெற்றவள் பெயர் வேண்டாம் என்றார்.

இரண்டாவது வீடு தையல்காரம்மா. அவளுடைய ஒரே மகள் அன்றைக்குப் போனவள். கேட்டுவிட்டு, உங்க நல்ல மனசுக்கு ஒரு குறையும் வராது என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. பெண்கள் வாசலில் நின்று, வளர்த்த பெண்ணுக்காகப் பழி சுமக்கிறவரைக் கண் கலங்கப் பார்த்தார்கள். ஐந்தாவது வீட்டில் சித்தப்பா நான் அறிய முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். நான் கொன்னேன், நான்தான் கொன்னேன் என்று கத்தினார். அவர்கள் நாற்காலி போட்டு விசிறிவிட்டார்கள். மீதி ஐந்து வீட்டுக்கும் போனோம், சொன்னோம், அதே மாதிரி வந்தோம். மூச்சிரைக்க நடந்து வரும்போது அவர் சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா அடிச்சே கொன்னிருப்பாங்க" என்றேன்.

"அடிச்சிருந்தா நம்பினாங்கன்னுதானே அர்த்தம்."

நான் விடவில்லை. குன்றில் ஏறி அதே இடத்தில் இரண்டு புகை போடுவோம், ஊர் ஆற்றுக்குள் நின்று பார்க்கட்டும் என்றேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் அங்கே சைரன் கம்பம் நட்டுக் குன்றுத் தலையை மழித்துக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். குழி இருந்த இடமே இல்லை. அணை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். என்னைவிடச் சின்ன வயது அதிகாரி ஒருவர் பழைய கோப்பைத் தேடி எடுத்து, தூசி தட்டி, அந்தப் பக்கத்தை எங்களுக்கே படித்துக் காட்டினார். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது, நிம்மதியாகப் போங்கள் ஐயா என்றார்.

ஆமாம், கல்யாணம் பண்ணிக்கொண்டேன். அம்மா பெயர் இல்லாத பத்திரிகையை நானே அச்சகத்தில் பிழை பார்த்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும். எனக்கும் தோன்றுகிறது, ஆனால் இப்போது. சித்தப்பாவுக்குப் பதினெட்டு வருஷம் வராத வாய் அன்றைக்கு எனக்கும் வரவில்லை. அதன் பிறகு அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

போன வருஷம் சித்தப்பா இறந்துபோனார். நெஞ்சு சரியில்லை, இருபத்தொரு வருஷத்து வைக்கோல் புகை உள்ளே இருந்தது என்றார் டாக்டர். கடைசிப் பத்து நாளும் பேச்சு இல்லை. எதையோ தூக்குகிற மாதிரி கையை மட்டும் தலைக்கு மேல் கொண்டுபோவார். சித்தி பிடித்து இறக்கிவைப்பாள்.

பத்து வீட்டிலிருந்தும் வந்தார்கள். தெரு கொள்ளவில்லை. உடலை எடுப்பதற்கு முன் என் மாமனார், அதாவது அந்த மில்காரர், நாலு வார்த்தை பேசினார். இவர் அன்றைக்கு இரண்டு புகை போடச் சொன்னால் மூன்று போட்டவர், அதையும் மதிக்காமல் போன ஒருத்தியின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவர், கடைசியில் அவள் செய்த பாவத்தையும் தனதென்று வாங்கிக்கொள்ளப் பார்த்தவர் என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து சித்தப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நடிக்கத் தெரியாத மனுஷர் அவர்.

நான் சித்தப்பாவின் தலைமாட்டில் இருந்தேன். எழுந்து நின்றேன். எங்கம்மா அப்படிச் சொல்லல, அவ பார்த்தது ஒரே புகை, அது இவர் போட்ட புகை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அம்மாவின் தொண்டை எனக்கும் உண்டு. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மகளைப் பறிகொடுத்தவள், என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழுதுடும்மா, அடக்காத. உங்கம்மா பண்ணினதுக்கு நீ என்ன பண்ணுவே."